"எல்லா டெஸ்ட்டும் போட்டுடுங்க": உணவையும் மூலிகை மருந்தையும் ஆய்வகத்துக்கு அனுப்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வகம் ஒன்றில் மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்யும் மேஜையில் சில காலம் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம்தான் தலைப்பில் இருப்பது. எதிரே ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஐம்பது கிராம் பொடி. எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எவ்வளவு பெரிய சரக்கிலிருந்து எடுத்தது என்று பையின் மேல் ஒரு வரிகூட இருக்காது. "எல்லா டெஸ்ட்" என்று ஒன்று கிடையாது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் வரிசையில் அடுத்து நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார்.

ஆய்வகம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஈயம் இருக்கிறதா என்று கேட்டால் ஈயத்தைப் பற்றிச் சொல்லும். பக்கத்திலேயே பாதரசம் இருந்தாலும் அதைப் பற்றிப் பேசாது. சிறிய அளவில் உணவுப் பொருளோ மூலிகை மருந்தோ தயாரிப்பவர்கள், மூலப்பொருள் வாங்குபவர்கள், நுகர்வோர் குழுக்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கருவிகளைப் பற்றியும் வரும். ஆனால் பணமும் நம்பிக்கையும் வீணாவது பெரும்பாலும் கருவிக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

1. முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

2008இல் சீனாவில் வெடித்த பால் பொடி விவகாரத்தை இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் பாடமாகச் சொல்லுவேன். பாலில் தண்ணீர் ஊற்றினால் புரதம் குறையும். புரத அளவு குறைந்தால் கொள்முதலில் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் புரதத்தை அளக்க உலகமெங்கும் பழக்கத்தில் இருந்தது, 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கிய முறை. அது புரதத்தைப் பார்ப்பதே இல்லை. மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளக்கும். வந்த எண்ணைப் பாலுக்கு 6.38ஆல் பெருக்கிப் "புரதம்" என்று எழுதுவார்கள்.

தட்டு, டம்ளர் செய்யும் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள்: ஒரு கிராம் மெலமைன் போட்டால் நாலு கிராமுக்கு மேல் "புரதம்" காட்டும். கலப்படக்காரர்களுக்கு இந்தப் பெருக்கல் தெரிந்திருந்தது. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். ஆறு குழந்தைகள் இறந்தன.

அந்தப் பாலை அளந்த கருவிகளில் கோளாறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டார்கள், சரியான விடை வந்தது. மெலமைன் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 2010இல்தான் கோடெக்ஸ் உணவுத்தர ஆணையம் அதற்கென்று உலக அளவில் வரம்பு வகுத்தது: குழந்தைகளுக்கான பால் பொடியில் கிலோவுக்கு 1 மி.கி., மற்ற உணவுகளில் 2.5 மி.கி.

ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு நாலு கேள்விகளைத் தனித்தனியாக எழுதுங்கள். இது நான் நினைக்கிற பொருள்தானா? இதில் அது மட்டும்தான் இருக்கிறதா? வேலை செய்ய வேண்டிய சத்து போதுமான அளவு இருக்கிறதா? இருக்கக் கூடாதது ஏதும் இருக்கிறதா? நாலுக்கும் வெவ்வேறு சோதனைகள். அசல் மூலிகையிலேயே காட்மியம் இருக்கலாம். நச்சு எதுவுமே இல்லாத பொடி வெறும் மரத்தூளாகவும் இருக்கலாம். நாலில் உங்களுக்கு எது அவசரம் என்று முடிவு செய்யாமல் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள்.

2. பொருள் வந்த வழியே நடந்து பாருங்கள்

எந்தெந்தச் சோதனை என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்து ஒரே வழிதான்: பொருள் மண்ணிலிருந்து பொட்டலம் வரை வந்த பாதையை மனதில் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயம் கேளுங்கள். இங்கே தற்செயலாக என்ன சேரும்? இங்கே காசுக்காக என்ன சேர்ப்பார்கள்?

மண்ணிலிருந்து காட்மியமும் ஆர்செனிக்கும் வரும். வயலில் பூச்சிக்கொல்லி. காட்டில் பறிக்கும் மூலிகையென்றால் ஒன்றுபோலத் தெரியும் வேறு செடி. உலர்த்தும்போது சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை, பூஞ்சையோடு அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. கிடங்கில் புகைமூட்டும் மருந்து. அரைக்கும் இடத்தில் நிறமூட்டி, மாவு, உமி. மாத்திரையாகும் இடத்தில், இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், சத்தமில்லாமல் சேர்க்கப்படும் அலோபதி மருந்து.

முழுசாக இருக்கும் பொருளை விடப் பொடிக்கும், பொடியை விடச் சாறுக்கும் அதிகச் சோதனை தேவை. கண்ணுக்கு அடையாளம் குறையக் குறைய ஏமாற்ற வசதி கூடுகிறது. முழுசாக வாங்கி நீங்களே அரைக்க முடிந்தால் சோதனைப் பட்டியலில் பாதி குறையும். இதை ஆய்வகத்தில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது வியாபாரம்.

3. மாதிரி எடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாக உட்காராது. ஆயிரத்தில் ஒன்றிரண்டில் உட்காரும், ஆனால் உட்கார்ந்த இடத்தில் நஞ்சு கொட்டிக் கிடக்கும். கெட்ட ஒற்றைப் பருப்பில் கிலோவுக்கு பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவுக்கு மேல்கூட அஃப்ளாடாக்சின் இருந்திருக்கிறது. அரை கிராம் எடையுள்ள அப்படியொரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. அது 5 கிலோ நல்ல கடலையில் விழுந்தால் சராசரி கிலோவுக்கு 100 மைக்ரோகிராம். நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது மொத்தம் 4.

இப்போது அந்த 5 கிலோவிலிருந்து கால் கிலோ அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்தக் கெட்ட பருப்பு உங்கள் கையில் வர இருபதில் ஒரு வாய்ப்பு. பத்தொன்பது தடவை "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். இருபதாவது தடவை 2,000 என்று வந்து எல்லோரையும் அலற வைக்கும். இரண்டுமே பொய், ஆனால் இரண்டு தடவையும் கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கும்.

இதனால்தான் ஐரோப்பிய விதிகள் பெரிய கடலைச் சரக்கில் நூறு இடங்கள் வரை சிறிது சிறிதாக எடுத்து, 20 கிலோ வரை சேர்த்து, அதை அரைத்துக் கலக்கிய பிறகே சோதிக்கச் சொல்கின்றன. உங்களால் 20 கிலோ தர முடியாமல் போகலாம். ஆனால் முறையை அப்படியே கடைப்பிடிக்கலாம்.

மூட்டைகளை எண்ணுங்கள். முன்னால் இருக்கிற மூட்டையிலிருந்து மட்டும் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அடியில், சுவரோரம், ஈரம் பட்ட மூலையில் இருப்பதும் சேரட்டும். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று நீண்ட குழாய்க் கம்பியால் குத்தி எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான விரிப்பில் கொட்டிக் குவியுங்கள். குவியலைத் தட்டையாக்கி, கூட்டல் குறி போல நாலாகப் பிரியுங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு கால்வாசியை எடுத்து, மற்ற இரண்டையும் ஒதுக்குங்கள். எடுத்ததை மறுபடி குவித்து மறுபடி பிரியுங்கள். தேவையான எடைக்கு வரும் வரை இப்படியே. கடைசியில் வருவதை மூன்றாகப் பிரித்து மூன்று பைகளில் போடுங்கள்: ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சரக்கு கொடுத்தவருக்கு, ஒன்று உங்கள் அலமாரியில் முத்திரையோடு. மூன்றாவது பையின் அருமை கடைசிப் பகுதியில் புரியும்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கென்றால் கதை வேறு. கிருமி நீக்கிய கரண்டி, கிருமி நீக்கிய பை, முதலில் அந்த மாதிரியைத்தான் எடுக்க வேண்டும். விரிப்பில் கொட்டிக் குவித்த பொடியை நுண்ணுயிர்ச் சோதனைக்கு அனுப்பினால் உங்கள் விரிப்பைத்தான் சோதிக்கிறீர்கள். இங்கேயும் எண்ணிக்கை முக்கியம். பச்சிளம் குழந்தைகளுக்கான பால் பொடியில் சால்மோனெல்லா இல்லை என்று சொல்ல கோடெக்ஸ் கேட்பது 25 கிராம் வீதம் 60 மாதிரிகள். ஒரே ஒரு 25 கிராமைப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கும் சுத்தம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரக் கூடாது.

பையின் மேல் அழியாத மையில் எழுத வேண்டியவை: பொருளின் பெயர், மூலிகையென்றால் தாவரவியல் பெயர், பாகம், தொகுதி எண், எடுத்த நாள், நேரம், எடுத்தவர் பெயர். பூஞ்சை பற்றிய கவலை இருந்தால் ஈரமான பொருளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் நாள் கணக்கில் அடைத்து வைக்காதீர்கள். வழியிலேயே பூஞ்சை வளர்ந்துவிடும்.

4. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆய்வகங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற தரநிலைப்படி அங்கீகாரம் பெற்றதா என்று எல்லோரும் கேட்பார்கள். அது போதாது. அங்கீகாரம் கட்டடத்துக்குத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட பொருளில் குறிப்பிட்ட சோதனைக்குத் தரப்படுகிறது. தண்ணீரில் ஈயம் அளக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மூலிகைப் பொடியில் ஈயம் அளக்க அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். அங்கீகார எல்லைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பொருள், உங்கள் சோதனை, அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு மூன்றும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, வெளியார் நடத்தும் திறன் ஒப்பீட்டுச் சோதனைகளில் கலந்துகொள்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவார்கள். அதில் இசட் மதிப்பு என்று ஒன்று வரும்; ஒப்புக்கொண்ட விடையிலிருந்து அந்த ஆய்வகத்தின் விடை எவ்வளவு விலகியது என்று அது காட்டும். 2க்குள் இருந்தால் நல்லது, 3ஐத் தாண்டினால் அந்தச் சோதனையில் எங்கேயோ கோளாறு. நல்ல ஆய்வகம் இதைக் காட்டத் தயங்காது.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று: ஒரே மாதிரியை இரண்டு வேறு பெயரில், இரண்டு வேறு எண்ணில் ஒரே நாளில் கொடுங்கள். விடைகள் அருகருகே வருகிறதா பாருங்கள். கூடுதல் செலவுதான். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

5. இது அதுதானா? அடையாளச் சோதனை

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. அவர்கள் சாப்பிட்ட மாத்திரையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருப்பதாக எழுதியிருந்தது. சீன மொழியில் அதன் பெயர் ஹான் ஃபாங் ஜி. உள்ளே வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங் ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. பெயரில் ஒரு சொல் மாறியது. ஆனால் இரண்டாவதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நட்சத்திர சோம்பு எனப்படும் அன்னாசிப்பூவிலும் இதே சிக்கல் உண்டு: சமையலுக்கான இல்லிசியம் வீரத்துக்குப் பதில் ஜப்பானிய வகையான இல்லிசியம் அனிசாட்டம் கலந்துவிட்டால் அதிலுள்ள அனிசாட்டின் வலிப்பை வரவழைக்கும். இரண்டையும் தட்டில் அடுத்தடுத்து வைத்தால் பழகிய கண்ணுக்கே சிரமம்.

மூலிகைக்கு அடையாளச் சோதனையை மலிவான படியிலிருந்து தொடங்குங்கள். முதலில் கண், மூக்கு, நாக்கு. நச்சு இருக்கலாமென்று சந்தேகம் இருந்தால் நாக்கு வேண்டாம். அடுத்தது நுண்ணோக்கி, இன்றைக்குப் பலர் மறந்துவிட்ட கருவி. பொடியில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, குளோரல் ஹைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சூடாக்கினால் செல்லுக்குள் இருக்கும் குப்பையெல்லாம் கரைந்து சுவர்கள் தெளிவாகத் தெரியும். இலைத்துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன, முடிகள் ஒற்றைச் செல்லா பல செல்லா, கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசியாக இருக்கின்றனவா நட்சத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இலைப் பொடி என்று விற்றதில் தடித்த சுவருள்ள கல்செல்கள் குவிந்து கிடந்தால் அதில் பட்டையோ கொட்டை ஓடோ அரைபட்டிருக்கிறது. மாவு கலந்திருந்தால் அயோடின் சொட்டு விட்டதும் நீலமாகக் காட்டிக்கொடுக்கும், கிழங்குப் பொடியைத் தவிர; அதில் இயல்பாகவே மாவுச்சத்து உண்டு. சில நிமிட வேலைதான். ஆனால் பழகிய ஆள் வேண்டும்.

அதற்கடுத்து மெல்லடுக்கு நிறப்பிரிகை. சிலிக்கா பூசிய தகட்டின் ஓரத்தில் சாற்றைக் கோடாக இழுத்து, கரைப்பானில் நிறுத்தினால் வேதிப்பொருள்கள் வெவ்வேறு உயரத்துக்கு ஏறிப் பட்டைகளாக நிற்கும். 254, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை என்று ஒளிரும். பக்கத்திலேயே அசல் மூலிகையின் சாற்றையும் ஓட்ட வேண்டும். அசல் ஓடாத தகட்டின் படத்தை யாராவது அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். ஒப்பிட ஆள் இல்லாத அடையாள அணிவகுப்பு அது.

டிஎன்ஏ சோதனையைப் பலர் கடைசித் தீர்ப்பு போல நினைக்கிறார்கள். சில இடங்களில் உண்மை. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர் வகைகளைச் சோதித்தபோது 10இல் குதிரையின் டிஎன்ஏ இருந்தது. ஒன்பதில் மிகக் குறைவு, அரைக்கும் இயந்திரத்தில் ஒட்டியிருந்தாலும் வரக்கூடிய அளவு. ஒன்றில் மாட்டிறைச்சியின் அளவோடு ஒப்பிட 29 சதவீதம். அது தவறுதலாக விழுந்ததாக இருக்க முடியாது. "இருக்கிறது" என்பதற்கும் "எவ்வளவு இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒரே அறிக்கையில் பார்க்கலாம்.

மூலிகைச் சாற்றில் டிஎன்ஏ சோதனை வழுக்கும். 2015இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டைப் படித்து இனத்தை அறியும் டிஎன்ஏ பார்கோடிங் முடிவுகளை வைத்து, மூலிகை மாத்திரைகள் பலவற்றில் சொன்ன மூலிகையே இல்லை என்றது. ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். சாறெடுக்கும்போது சூட்டிலும் கரைப்பானிலும் டிஎன்ஏ சிதைந்துவிடும். மூலிகையின் டிஎன்ஏ கிடைக்காமல், நிரப்பியாகச் சேர்த்த அரிசி மாவின் டிஎன்ஏ மட்டும் கிடைக்கலாம் என்றார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: டிஎன்ஏ இலைக்கும் வேருக்கும் ஒன்றுதான். வேர் கேட்ட இடத்தில் இலையை அரைத்துக் கொடுத்தால் டிஎன்ஏ சோதனை "சரி" என்றே சொல்லும். காய்ந்த முழு மூலிகைக்கும் பொடிக்கும் டிஎன்ஏ, சாறுக்கு வேதியியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. அது மட்டும்தானா? கலப்படமும் வீரியமும்

சோதனை எப்படி நடக்கிறது என்று கலப்படம் செய்பவருக்கும் தெரியும். தேனில் இது பல ஆண்டுகளாக ஓடும் ஓட்டப்பந்தயம். சோளமும் கரும்பும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு என்பதால் அவற்றின் சர்க்கரையில், கார்பனின் சற்றே கனமான ஐசோடோப்பான கார்பன்-13இன் விகிதம், தேனீ தேடிப்போகும் பெரும்பாலான பூக்களை விட அதிகம். ஆகவே தேனிலும், அதே தேனிலிருந்து பிரித்த புரதத்திலும் கார்பன் ஐசோடோப்பை அளந்து ஒப்பிட்டால் சோளப்பாகு கலந்திருப்பது தெரியும். கலப்பு 7 சதவீதத்தைத் தாண்டினால் கலப்படம் என்று கணக்கு. உடனே கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறினார்கள். அரிசி ஒளிச்சேர்க்கையில் பூச்செடிகளின் கட்சி என்பதால் ஐசோடோப்பு கண்ணை மூடிக்கொண்டது. இப்போது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு போன்ற, மொத்தக் கைரேகையையும் பார்க்கும் முறைகள் வந்திருக்கின்றன. உங்கள் தேனுக்கு "ஐசோடோப்பு சோதனையில் தேறியது" என்று யாராவது சான்றிதழ் காட்டினால், எந்தப் பாகுக்கு என்று கேளுங்கள்.

வீரியத்தை அளப்பதிலும் மெலமைன் கதைதான் திரும்ப வருகிறது. பில்பெரி என்ற பழத்தின் சாற்றுக்கு மதிப்பு அதிலுள்ள ஆந்தோசயனின் என்ற நீலச்சிவப்பு நிறமிகளால். நிறத்தின் அடர்த்தியை மட்டும் ஒளி அளவியில் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த காலத்தில், அமராந்த் என்ற செயற்கைச் சாயத்தைக் கலந்து எண்ணை ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு நிறமியையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி என்ற நிறப்பிரிகைக் கருவியில் போட்டதும் சாயம் வரைபடத்தில் தனிச் சிகரமாக நின்றது. ஜிங்கோ மர இலைச் சாற்றில் ரூட்டின் என்ற மலிவான ஃபிளேவனாய்டைச் சேர்த்து, சாற்றின் மொத்த ஃபிளேவனாய்டு கணக்கைக் கூட்டுவதும் இதே வகை. ஆகவே வீரியத்துக்கு ஒற்றை எண்ணை மட்டும் வாங்காதீர்கள். நிறப்பிரிகை வரைபடத்தையும் கேளுங்கள். சிகரங்களின் வரிசையும் உயர விகிதமும் அசலை ஒத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி மோசடி தெரிந்துவிடும்.

7. இருக்கக் கூடாதது: நச்சுகளும் கிருமிகளும்

கன உலோகங்களில் நாலு பெயர் கட்டாயம்: ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம். மூலிகை மூலப்பொருளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டி சொல்வது ஈயம் கிலோவுக்கு 10 மி.கி., காட்மியம் 0.3 மி.கி. உங்கள் நாட்டுச் சட்டத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும். மாதிரியை நைட்ரிக் அமிலத்தோடு மூடிய குடுவையில் மைக்ரோவேவ் சூட்டில் கரைத்து, அணுக்களை நிறையை வைத்து அடையாளம் காணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஏற்றுவார்கள். இதில் ஒரு பொறி உண்டு. கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவும் மாதிரியில் உள்ள உப்பின் குளோரினும் சேர்ந்தால் நிறை 75. ஆர்செனிக்கின் நிறையும் 75. உப்பு அதிகமுள்ள பொருளில் இல்லாத ஆர்செனிக்கைக் கருவி பார்த்துவிடும். கருவிக்குள் இருக்கும் மோதல் அறையில் ஹீலியம் செலுத்தி இதைத் தடுக்கலாம். ஊறுகாய் வகை, கடல் பொருள் எதையாவது அனுப்பினால் இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆர்செனிக்கில் இன்னொன்று. கடற்பாசியிலும் மீனிலும் இருப்பதில் பெரும்பகுதி கரிமச் சேர்மமாக இருக்கும், கெடுதல் குறைவு. ஆபத்தானது கனிம ஆர்செனிக். அதனால்தான் தீட்டிய அரிசிக்கு கோடெக்ஸ் விதித்த 0.2 மி.கி. வரம்பு கனிம ஆர்செனிக்குக்கு மட்டும். மொத்த ஆர்செனிக் எண்ணைப் பார்த்து அலறுவதற்கு முன் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈயத்தோடு குரோமியமும் சேர்ந்து வந்தால் காதை நிமிர்த்துங்கள். மண்ணிலிருந்து வந்த ஈயத்தோடு குரோமியமும் பொதுவாக இப்படிச் சேர்ந்து உயராது. லெட் குரோமேட் என்ற மஞ்சள் வண்ணப்பொடி கலந்திருந்தால் வரும். 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ் பொட்டலங்களில் ஈயம் வந்தது லவங்கப்பட்டைப் பொடி வழியாக. அந்தப் பொடியில் கிலோவுக்கு 2,270 மி.கி., 5,110 மி.கி. என்று அளந்தார்கள். வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பொலிவு ஏற்ற இதே வண்ணத்தைச் சேர்த்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தெரிந்தது. கையடக்க எக்ஸ்-கதிர் கருவியோடு அதிகாரிகள் சந்தைக்கே போய்ச் சோதித்து அபராதம் போட்டார்கள், மக்களுக்கு எச்சரிக்கை போனது. 2021இல் சுழியம். ஆய்வகச் சோதனை ஒன்று உண்மையில் ஊரைத் திருத்தியதற்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். டம்ளர் தண்ணீரில் மஞ்சளைப் போட்டுப் பார்க்கும் வாட்ஸ்அப் சோதனையை நம்பி ஈயம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பூச்சிக்கொல்லிக்கு "நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே தடவையில் பார்க்கிறோம்" என்று விளம்பரம் வரும். பூச்சிக்கொல்லிகளை மாதிரியிலிருந்து எளிதாகப் பிரித்தெடுக்கும், 2003இல் வெளிவந்த கெச்சர்ஸ் முறையும், மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறைமாலைக் கருவிகளும் அதைச் சாத்தியமாக்கியது உண்மைதான். ஆனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, டைதயோகார்பமேட் வகைப் பூஞ்சைக்கொல்லிகள், புகைமூட்டப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு மூன்றும் அந்தப் பொது வலையில் சிக்காது. தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2020இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பது ஐரோப்பாவில் தெரிய வந்து சரக்குகள் திரும்பியபோது, ஏற்றுமதியாளர்கள் பலரிடம் பூச்சிக்கொல்லி இல்லை என்ற சான்றிதழ் இருந்திருக்கும். கேட்காத கேள்வி.

நுண்ணுயிருக்கு வருவோம். மொத்த எண்ணிக்கை, ஈஸ்ட்-பூஞ்சை, ஈ.கோலை, சால்மோனெல்லா நான்கும் அடிப்படை. காய்ந்த பொருளில் கிருமி வளராது, ஆனால் சாகாமல் காத்திருக்கும். நீர்ச் செயல்பாடு, அதாவது கிருமிக்குக் கிடைக்கக்கூடிய நீரின் அளவுகோல், 0.6க்குக் கீழே இருந்தால் எதுவும் பெருகாது என்பதால் அந்த அளவையும் சேர்த்துக் கேளுங்கள். விலை குறைவு, பயன் அதிகம்.

8. மூலிகைப் பெயரில் ஒளிந்திருக்கும் மருந்து

இரண்டே நாளில் மூட்டுவலி போகிறதென்றால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையோ வலிநிவாரணியையோ சந்தேகியுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் கிளிபென்கிளமைடு. எடை குறைப்பு என்றால் சிபுட்ரமின், மாரடைப்பு அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. ஆண்மைக்கு என்றால் சில்டெனாஃபில். நிறப்பிரிகையும் நிறைமாலையும் சேர்ந்த எல்சி-எம்எஸ் கருவி இவற்றை எளிதாகப் பிடிக்கும், ஆய்வகம் தேடும் மருந்துகளின் பட்டியலில் இருந்தால். பட்டியலைத் தாண்ட, சில்டெனாஃபில் மூலக்கூறின் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றி புதுச் சேர்மமாக்கிக் கலப்பார்கள். ஆகவே எத்தனை மருந்துகளைத் தேடுகிறீர்கள், பட்டியலில் இல்லாததைப் பிடிக்கும் உயர் துல்லிய நிறைமாலைத் தேடல் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். நன்றாக வேலை செய்கிறது என்று நோயாளிகள் ஆளுக்கு ஆள் புகழும் மருந்தைத்தான் முதலில் இந்தச் சோதனைக்கு அனுப்புவேன்.

9. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் தேதிகளைப் பாருங்கள். பூஞ்சை எண்ணிக்கைக்கு வளர்ப்புத் தட்டை 25 டிகிரியில் ஐந்து நாள் வைத்திருக்க வேண்டும். வழக்கமான வளர்ப்பு முறையில் சால்மோனெல்லாவுக்கு முதலில் ஒரு இரவு பெப்டோன் நீரில், மறுநாள் தேர்வு ஊடகத்தில், அதற்கடுத்து தட்டில் என்று மூன்று நாளாவது ஆகும். சந்தேகப்படும்படி கரும்பொட்டு வைத்த கிருமிக் கூட்டம் (காலனி) வந்தால் உறுதிப்படுத்த இன்னும் இரண்டு. ஒரு தடவை ஒருவர் பெருமையோடு கொண்டுவந்து காட்டிய ரிப்போர்ட்டில் மாதிரி பெற்றது திங்கள், கையெழுத்து செவ்வாய், பூஞ்சை "இல்லை". அந்த ஆய்வகத்தில் எதையும் தட்டில் ஊற்றவே இல்லை என்று சொல்ல எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது.

அடுத்து "கண்டறியப்படவில்லை". எந்த அளவுக்குக் கீழே என்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது வெறும் வார்த்தை. தனி வரம்பு இல்லாத பூச்சிக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மி.கி. உங்கள் ஆய்வகத்தால் 0.05க்கு மேல்தான் அளக்க முடியுமென்றால், வரம்பைப் போல நாலு மடங்கு இருந்தாலும் "கண்டறியப்படவில்லை" என்றே வரும்.

அளவீட்டு நிச்சயமின்மையையும், அதாவது விடை எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும், பாருங்கள். 2.3 ± 0.5 என்று வந்து, வரம்பு 2.5 என்றால் தேறியதா இல்லையா? 2017 பதிப்பு ஐஎஸ்ஓ 17025, தேர்ச்சி சொல்லும் அறிக்கையில் எந்த விதிப்படி தீர்மானித்தோம் என்று குறிப்பிட வேண்டும் என்கிறது. அளவு நுண்மையாகும்போது ஆய்வகங்களுக்கிடையே வேறுபாடு கூடுவது இயல்பு. இந்த வேறுபாட்டை மதிப்பிடும் ஹோர்விட்ஸ் கணக்குப்படி நூறில் ஒரு பங்கு அளவுக்கு 4 சதவீதம், நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு சுமார் 45 சதவீதம். இரண்டு ஆய்வகங்கள் அஃப்ளாடாக்சினை 3, 4 என்று சொன்னால் அது சண்டை போட வேண்டிய வேறுபாடு இல்லை.

கடைசியாக, அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். மாதிரியை நீங்கள் எடுத்துக் கொடுத்திருந்தால் சரக்கு முழுவதற்கும் அந்தத் தாள் சாட்சி சொல்லாது. அந்த ரிப்போர்ட்டைப் பொட்டலத்தில் அச்சிட்டு விற்பவர்களுக்கு இந்த வரி தெரியாது என்று நான் நம்பவில்லை.

10. தேறாமல் போனால்

வேறு ஆய்வகம், இன்னொரு ஆய்வகம் என்று நல்ல எண் வரும் வரை அலையாதீர்கள். சரக்கை ஒதுக்கிப் பூட்டி, பலகை மாட்டுங்கள். பிறகு முதல் ஆய்வகத்திடம் அவர்கள் வைத்திருக்கும் மீதி மாதிரியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கணக்குத் தவறு, நீர்த்தல் தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதுவும் அதே எண்ணைத் தந்தால் உங்கள் அலமாரியில் உள்ள மூன்றாவது பையை, சரக்கு கொடுத்தவரும் நீங்களும் ஒப்புக்கொள்ளும் ஆய்வகத்துக்கு முத்திரை உடையாமல் அனுப்புங்கள். அந்த விடையே கடைசி என்று அனுப்பும் முன்பே இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்த முறை நுண்ணுயிருக்குப் பொருந்தாது: சால்மோனெல்லா ஒரு பையில் வந்துவிட்டால் அடுத்த பையில் வராததால் சரக்கு சுத்தமாகிவிடாது.

அலமாரிப் பையை எத்தனை காலம் வைத்திருப்பது என்று கேட்பார்கள். பொட்டலத்தில் போட்ட காலாவதித் தேதி வரை, அதற்குமேல் ஒரு வருடம்; வெளிச்சம் படாமல், ஈரம் படாமல், எலி வராத இடத்தில்.